ஒரே பாடம், பல பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளியில் எது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், எது பிள்ளைக்குப் பிள்ளை மாறலாம் என்று கேட்டுப் பெற்றோரும் ஆசிரியர்களும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு எங்கள் கல்விக் குழுவின் பதில்கள் இங்கே.

சமச்சீர் கல்வி வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நாகப்பட்டினத்து மீனவர் பிள்ளைக்கும் நீலகிரித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் என்பது சமத்துவமா, எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதா?
– ஒரு தாய், திருச்சி

புத்தகம் ஏன் ஒன்றானது என்பதிலிருந்து தொடங்குவோம். 2010க்கு முன் தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகைப் பள்ளிகள், நான்கு வகைப் பத்தாம் வகுப்புத் தேர்வுகள். ஆனால் பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான். ஒரே கோட்டுக்கு வந்து சேர வேண்டிய பிள்ளைகளைப் பத்து ஆண்டுகள் வெவ்வேறு தயாரிப்புடன் அனுப்பிக்கொண்டிருந்தோம். இதைச் சரிசெய்ய 2006இல் முனைவர் முத்துக்குமரன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2010இல் சட்டம் வந்தது. முதலில் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் பொதுப் பாடம் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்க முயற்சி நடந்தது. உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று பொதுப் பாடத்திட்டத்தைப் பத்து நாட்களுக்குள் நடைமுறைப்படுத்தச் சொல்லி அந்த வழக்கை முடித்தது.

உங்கள் கேள்வியின் மையம் இதற்கு அடுத்து இருக்கிறது. பிள்ளை என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கற்றல் விளைவு, அதற்கான பாடப்பொருள், அதைத் தாங்கும் புத்தகம், அதைச் சோதிக்கும் தேர்வு ஆகிய நான்கையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கட்டாயம் பொதுவாக இருக்க வேண்டியது முதலாவதுதான். நான்காம் வகுப்பில் எடை அளவை என்றால் கிலோவைக் கிராமாக மாற்றவும், உத்தேசமாக எடை சொல்லவும், கூட்டிக் கழிக்கவும் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். நாகையில் மீன் ஏலத்தில் 2 கிலோ 750 கிராம் எடையுள்ள மீனை வைத்து அதைச் சொல்லித் தரலாம். குன்னூரில் கூடையில் பறித்த பச்சைத் தேயிலையை எடைபோட்டுச் சொல்லித் தரலாம். பாடம் முடிந்த பிறகு இரண்டு பிள்ளைகளும் 2,750 கிராம் என்று சொல்ல வேண்டும்.

நடப்பது பெரும்பாலும் தலைகீழ். வழி எல்லோருக்கும் ஒன்றாகிவிடுகிறது: ஒரே பக்கம், ஒரே தேதி, ஒரே விளக்கம். இலக்குதான் பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது. ‘இவனுக்கு இதுவே போதும்’ என்று ஆசிரியர் மனத்துக்குள் முடிவுசெய்கிற இடத்தில் சமத்துவம் போய்விடுகிறது. புத்தகத்தில் அது தெரியாது.

வேறு நாடுகளிலும் இதே இழுபறி உண்டு. பின்லாந்தில் தேசிய அளவில் ஒரு அடிப்படைக் கலைத்திட்டம் இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு நகராட்சியும் தன் ஊருக்கான கலைத்திட்டத்தை எழுதிக்கொள்கிறது. புத்தகத்தை ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார். நாடு முழுவதற்குமான பொதுத்தேர்வு மேல்நிலைக் கல்வியின் முடிவில்தான். இதைக் காட்டி நம் ஊரிலும் பொதுப் புத்தகமே வேண்டாம் என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அங்கே எந்தத் தெருப் பள்ளிக்குப் போனாலும் முழுப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார். இங்கே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படியே 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில் நல்ல பொதுப் புத்தகம் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு. அதற்கு மேல் உள்ளூர்ப் பொருளைச் சேர்ப்பது ஆசிரியரின் உரிமை. அந்த உரிமையை அதிகாரிகள் பறிக்காமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் 28 பிள்ளைகள். சிலர் எழுத்துக் கூட்டுகிறார்கள், சிலர் கதைப் புத்தகம் படிக்கிறார்கள். கணக்கிலும் இதே நிலை. எல்லோரையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். எப்படி ஐயா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் உங்கள் நிலைமையை ஒப்புக்கொண்டுதான் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலைகளை வைத்தது. மூன்று நிலைக்கும் மூன்று பாடம் என்று புரிந்துகொண்டால் வகுப்பு மூன்றாக உடையும். கருத்து ஒன்று, அதைக் கையாளும் விதம் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

52இல் 27ஐக் கழிப்பதை எடுத்துக்கொள்வோம். பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். 2இலிருந்து 7 போகாது என்று தெரிகிறது, உடனே 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். கவனக்குறைவால் வருகிற பிழை அல்ல இது. 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்று அவர்கள் மனத்தில் பதியவில்லை. 5 ஒரு எண், 2 இன்னொரு எண் என்றுதான் பார்க்கிறார்கள். பத்து முறை அதே கணக்கைப் போடச் சொன்னாலும் பத்து முறையும் 35தான் வரும்.

45 நிமிடப் பாடவேளையில் முதல் 10 நிமிடம் எல்லோரும் சேர்ந்து தரையில் உட்காரட்டும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் நடுவில் வையுங்கள். 27 குச்சி வேண்டும் என்று கேளுங்கள். உதிரி போதாது, ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். நான்கு கட்டும் பன்னிரண்டு உதிரியும் ஆன பிறகு 27 எளிதாக வரும், 25 மிஞ்சும். அடுத்த 25 நிமிடம் குழு வேலை. அரும்புக் குழு குச்சியை வைத்தே நான்கு கணக்குகள் செய்யும். மொட்டுக் குழு பத்து, ஒன்று எனக் கட்டம் போட்டுச் சிலேட்டில் செய்யும். மலர்க் குழு பேருந்து, சந்தை என்று தாங்களே கதைக் கணக்கு எழுதி, விடையோடு 27ஐக் கூட்டி 52 வருகிறதா என்று சரிபார்க்கும். முதல் 12, 13 நிமிடம் நீங்கள் அரும்புக் குழுவிடம் உட்காருங்கள். கடைசி 10 நிமிடம் மீண்டும் எல்லோரும் ஒன்றாக. அரும்புக் குழுப் பிள்ளை குச்சியில் செய்துகாட்ட, மலர்க் குழுப் பிள்ளை அதையே கரும்பலகையில் எழுத வேண்டும். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். வகுப்பு ஒரே வகுப்பாக இருப்பது அப்போதுதான்.

தவறு நடக்கும் இடங்கள் எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குழுவின் பெயர் பிள்ளையின் பெயராகிவிடுகிறது; ‘ஏய் அரும்பு, இங்கே வா’ என்று மற்ற பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்தால் அன்றே நிறுத்துங்கள். ஜூனில் உட்கார்ந்த குழுவிலேயே மார்ச்சிலும் பிள்ளை உட்கார்ந்திருக்கும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கேள்வி கேட்டு, நான்கு சரியாக வந்தால் மாற்றிவிடுங்கள். தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருக்கலாம், ஆகவே பாடத்துக்குப் பாடம் குழு வேறாகட்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, பின்தங்கிய குழுவுக்குப் பார்த்து எழுதும் வேலையை மட்டும் கொடுத்து உட்கார வைப்பது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஆசிரியரின் நேரம் அதிகம் தேவை.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். பிள்ளை தெலுங்கு வழியில் படிக்கிறாள். தமிழும் கட்டாயம் என்பதால் மதிப்பெண் குறைகிறது. இது சிறுபான்மையினருக்கு அநீதி இல்லையா?
– ஒரு தந்தை, ஓசூர்

இரண்டு உரிமைகள் இங்கே சந்திக்கின்றன. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்துதர மாநிலம் முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. அது உங்கள் மகளின் உரிமை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியது. ஆட்சியர் அலுவலகம், கீழமை நீதிமன்றம், ஊராட்சிக் கூட்டம் எல்லாம் தமிழில் நடக்கும் மாநிலத்தில் அந்த மொழி தெரியாமல் ஒருவர் வளர்ந்தால் குடிமகளாக அவர் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஆகவே தமிழும் அவள் உரிமைதான். எங்களுக்கு இதில் ஐயமில்லை.

அநீதி சட்டத்தில் இல்லை, கற்பிக்கும் முறையில் இருக்கிறது. தமிழை வீட்டில் பேசும் பிள்ளைக்கான புத்தகத்தையும் வேகத்தையும் அப்படியே உங்கள் மகளுக்கும் வைக்கிறார்கள். அவள் செய்யும் பிழைகளைப் பாருங்கள். ‘அக்கா வந்தது’ என்று எழுதுவாள். தெலுங்கில் பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் வினைமுடிவு ஒன்றே. அவள் தன் மொழியின் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறாள். ‘பகல்’ என்பதில் வரும் ககரத்தைக் ‘கல்’லில் வருவதுபோல அழுத்திப் படிப்பாள். மூக்கொலி நீங்கலாகத் தெலுங்கில் க வரிசையில் நான்கு தனி எழுத்துகள் உண்டு. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறும். வாழை வாளையாகும், ஏனென்றால் இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை.

இது தெரிந்த ஆசிரியர் தொடக்கத்தில் ஆறு முதல் எட்டு வாரம் எழுத்தைத் தொடாமல் பேச்சும் பாட்டும் மட்டும் வைப்பார். பிறகு சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் ககரம் வல்லொலி, மெல்லினத்தை அடுத்து வந்தால் (தங்கம்) வேறு ஒலி, உயிர்களுக்கு நடுவில் வந்தால் (பகல்) இன்னும் மென்மை என்று மூன்று சொற்பட்டியலைச் சுவரில் ஒட்டுவார். அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது என்பதைத் தனியாக ஒரு வாரம் விளையாட்டாகப் பழக்குவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: தமிழிலிருந்து விலக்கு வேண்டாம், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். இந்தப் பயிற்சியைத் தராமல் தேர்வை மட்டும் கட்டாயமாக்கும்வரை உங்கள் மனக்குறை நியாயமானது.

காலை வழிபாட்டில் தேசிய கீதம் பாடும்போது ஒரு மாணவி எழுந்து நிற்கிறாள், ஆனால் பாடுவதில்லை. மத நம்பிக்கை காரணம் என்கிறார்கள் பெற்றோர். நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சில ஆசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள்.
– தலைமையாசிரியர், கன்னியாகுமரி மாவட்டம்

எடுக்கக் கூடாது. 1985இல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் இதே காரணத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அதில், 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. மரியாதையாக எழுந்து நிற்பவர் கீதத்தை அவமதிக்கவில்லை; பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; பேச்சுரிமையும் மனச்சான்றின் உரிமையும் அவர்களைக் காக்கின்றன என்றது தீர்ப்பு. தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும் பாடும் கூட்டத்தில் இடையூறு செய்பவரையும்தான்.

ஆகவே பள்ளியின் பொது விதியை இப்படி எழுதிவையுங்கள்: எல்லோரும் எழுந்து அமைதியாக நிற்க வேண்டும். அது அந்த மாணவிக்கும் பொருந்தும். பெற்றோரை ஒருமுறை அழைத்து இதை விளக்கி, பேசியதைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அவளை முன்வரிசையில் நிறுத்துவது, விளக்கம் எழுதி வாங்குவது, நன்னடத்தை மதிப்பெண்ணைக் குறைப்பது எதுவும் வேண்டாம். ஆசிரியர் கூட்டத்தில் தீர்ப்பின் சாரத்தை வாசித்துக்காட்டுங்கள்; வற்புறுத்துகிறவர்களில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கூடவே, உங்கள் காலை வழிபாட்டில் ஒரு மதத்தின் பாடல் மட்டும் வருகிறதா என்றும் பாருங்கள். அங்கீகாரமோ அரசு நிதியுதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை மத வழிபாட்டில் பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு.

பன்மையை மதிக்க வேண்டும் என்கிறீர்கள். எங்கள் பள்ளியில் மாணவர்கள் கையில் நிறக் கயிறு கட்டிவருகிறார்கள். அதுவும் அவரவர் அடையாளம்தான் என்று வாதிடுகிறார்கள். என்ன சொல்வது?
– ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

எல்லா வேறுபாடும் காக்கத் தக்கது அல்ல. தாய்மொழியும் நம்பிக்கையும் ஒரு பிள்ளை யார் என்பதைச் சொல்கின்றன. சாதிக் கயிறு பக்கத்தில் இருப்பவன் யாருக்குக் கீழே என்பதைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடைசெய்யவும், அகர வரிசையில் மாணவர்களை உட்கார வைக்கவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் பரிந்துரைத்தது. இந்த இடத்தில் விதி கடுமையாகவும் எல்லோருக்கும் ஒன்றாகவும் இருப்பதுதான் சரி.

அகர வரிசை என்றால் ஆண்டு முழுவதும் ஒரே இடம் என்று ஆக்கிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு வரிசை முன்னே நகரட்டும். பார்வைக் குறையுள்ள பிள்ளை எப்போதும் முன்னால் இருக்கட்டும். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது, பிள்ளைகளைத் தனித்தனியாக அழையுங்கள். தண்ணீர் எடுத்துவைப்பது, பெருக்குவது, கரும்பலகை துடைப்பது வருகைப் பதிவு எண்படி சுழலட்டும், அந்தப் பட்டியல் சுவரில் இருக்கட்டும். கழிப்பறையைச் சுத்தம் செய்வது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. கயிற்றை வகுப்பு நடுவில் அறுத்தெறியாதீர்கள், அது சண்டையாகும். வாசலில் வைத்து, எல்லாக் கயிற்றையும் ஒரே நாளில், முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லிவிட்டு அகற்றுங்கள்.

என் மகனோடு படிக்கும் ஒரு பையனுக்குப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே தேர்வு என்றால் ஒரே நேரம்தானே நியாயம்?
– ஒரு தாய், சேலம்

வரலாற்றுத் தாள் வரலாறு தெரிகிறதா என்று அளக்கிறது, எவ்வளவு வேகமாக எழுத்துகளைக் கூட்ட முடிகிறது என்று அல்ல. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வாசிப்பதற்கே அதிக நேரம் பிடிக்கும். கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் அந்தத் தடையை மட்டும் நீக்குகின்றன. கேள்வித்தாள் அதேதான், விடை திருத்தும் அளவுகோலும் அதேதான்.

வகுப்பில் தலைவர் தேர்தல் நடத்தினோம். முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவனே ஜெயித்தான். பேசுகிறவர் பெயரை எழுதிக் கொடுப்பதுதான் அவன் வேலை. ஜனநாயகம் பழக்குகிறோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– எட்டாம் வகுப்பு ஆசிரியை, மதுரை

பெயர் எழுதும் வேலையை முதலில் எடுத்துவிடுங்கள். அது ஆசிரியரின் கண்ணாக இருக்கும் வேலை, மக்கள் பிரதிநிதியின் வேலை அல்ல. வகுப்பு உண்மையாகவே முடிவு செய்யக்கூடிய மூன்று விஷயங்களைத் தேர்தலுக்கு முன்பே அறிவியுங்கள்: நூலகப் பாடவேளையில் என்ன, விளையாட்டுப் பொருளை யார் எப்போது எடுப்பது, சுவர்ப் பலகையில் என்ன வருவது என்பது போல. முடிவு செய்ய எதுவும் இல்லாதபோது பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்தவனுக்கு ஓட்டுப் போடுவார்கள்.

பதவிக் காலம் மூன்று மாதம். ஒருமுறை இருந்தவர் அந்த ஆண்டு மீண்டும் நிற்கக் கூடாது. தலைவர், துணைத் தலைவரில் ஒருவர் மாணவியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரும் இரண்டு நிமிடம் பேசட்டும், பிறகு மடித்த சீட்டில் ரகசிய வாக்கு. எண்ணுவது எல்லோர் கண்முன்னும் நடக்கட்டும். 36 பேர் வகுப்பில் 13, 12, 11 என்று ஓட்டு விழுந்தால் நிறுத்திக் கேளுங்கள்: ஜெயித்தவரை வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர்? 23 பேர். முதல் இருவருக்கு மட்டும் இரண்டாம் சுற்று வைக்கலாமா என்று வகுப்பே விவாதிக்கட்டும். தேர்தல் முறையைப் பற்றி எந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

வாக்கெடுப்புக்கு விடக் கூடாதவை எவை என்பதையும் எழுதி ஒட்டுங்கள். யார் யாரோடு உட்காரலாம், யாரை விளையாட்டில் சேர்க்கலாம், யார் வீட்டில் எந்த மொழி பேசலாம் என்பவை 35 பேர் ஒருபக்கம் நின்றாலும் ஒருவரிடமிருந்து பறிக்க முடியாதவை. பெரும்பான்மைக்கு எல்லை உண்டு என்பதைப் பிள்ளை பதின்மூன்று வயதில் தெரிந்துகொள்ளட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். கூலி வேலை செய்கிறேன். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். நான் என்ன கேட்கலாம்?
– ஒரு தாய், தர்மபுரி மாவட்டம்

கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது அம்மா. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய விகிதத்தில் இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் 20 பேராக இருந்த குழு, முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 2024இல் 24 பேரானது.

கூலி போகாத நேரத்தில், மாலையில் கூட்டம் வைக்கச் சொல்லுங்கள்; நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உரக்கப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெறும் பக்கத்தில் போடாதீர்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது உங்கள் குழுவின் வேலை, அதைக் காட்டச் சொல்லுங்கள். முதல் கூட்டத்தில் மூன்று கேள்வி போதும்: எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் படிக்க வரவில்லை, அவர்களுக்காக இந்த மாதம் என்ன செய்யப்போகிறீர்கள். பதிலைத் தேதியோடு எழுதச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.